நல்லதை மட்டும் சொன்னவர்

டாக்டர் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொல்லி முடித்துவிடுவார். அண்ணன் அதைத் தமிழில் சொல்ல ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வார். அந்த ஐந்து நிமிடத்தில் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சாப்பாடு இறங்குகிறதா என்று எல்லாம் வரும். டாக்டர் சொன்ன நாலு வார்த்தை மட்டும் வராது.

எழுபதுகளில் சிங்கப்பூரில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் நான் உதவித் தாதியாக, நோயாளிகளுக்கு ‘மிஸ்ஸி’யாக இருந்தேன். நாங்கள் அண்ணன் என்று கூப்பிட்ட அவர் அங்கே அட்டெண்டன்ட். கோப்புகளைத் தூக்கி வருவது, சக்கர நாற்காலி தள்ளுவது, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களை வரிசைப்படி உள்ளே அனுப்புவது, இதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் டாக்டர்களுக்குத் தமிழ் தெரியாது. வருகிற தமிழ் ஆட்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் தெரிந்த என்னைப் போன்ற ஒன்றிரண்டு பேர் ஆபரேஷன் அறையிலோ வார்டிலோ மாட்டிக்கொண்டிருப்போம். ஆகவே உள்ளேயிருந்து “அங்கிள்!” என்று குரல் வரும். அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போவார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இங்கேதான் நல்ல வேலையில் இருக்கிறார்கள். அப்பாவைப் பற்றி நல்ல நினைப்போடு இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒல்லியாக, உயரமாக இருப்பார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பை அடக்கியிருப்பார். அடுத்தவர் காதருகே போய்ப் பேசுகிறவனுக்கு வாய் நாறக் கூடாது என்பார். டாக்டர் நின்றுகொண்டு பேசுவார். இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் குந்திக்கொள்வார், நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். தஞ்சாவூர்க்காரரிடம் தஞ்சாவூர்ப் பேச்சு, ராமநாதபுரத்துக்காரரிடம் அந்தப் பேச்சு. மலாய்க்காரக் கிழவி வந்தால் மலாய், ஹொக்கியன் பேசும் சீனர் வந்தால் சந்தைக்கு வேண்டிய அளவு ஹொக்கியன். அவரோடு தேக்கா மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் வெளியே வர முடியாது. கறிக்கடைக்காரர், பூக்கட்டும் அம்மா, வெற்றிலைக்காரர் என்று ஆளாளுக்குப் பிடித்து நிறுத்துவார்கள். எல்லாருக்கும் அவர் எப்போதோ ஒரு நல்ல சேதி சொல்லியிருக்கிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த ஒரு தாத்தா வந்திருந்தார். டாக்டர் கருவி வழியாகப் பார்த்துவிட்டு, நரம்பு செத்துவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, திரும்ப வரத் தேவையில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அண்ணன் குந்தினார்.

“தாத்தா, இனிமே நீங்க இவ்வளவு தூரம் அலைய வேண்டாமாம். உழைச்ச உடம்பு, வீட்டுல நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்கறாரு டாக்டரு.”

தாத்தா எழுந்து நின்று டாக்டர் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். நல்லா இருப்பா ராசா என்றார். அவர் போனதும் டாக்டர் என்னைப் பார்த்து, தைரியமான மனிதர், எவ்வளவு அமைதியாக எடுத்துக்கொண்டார் என்று வியந்தார்.

வெளியே வந்து அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

“என்னண்ணே இது? கண்ணு போச்சுன்னு அவருக்குத் தெரிய வேண்டாமா?”

“வர வேண்டாம்னாரு டாக்டரு. வர வேண்டாம்னேன். இதுல என்ன பொய் இருக்கு தங்கச்சி?”

டாக்டர்களுக்கு அவர்மேல் உயிர். அங்கிள் இருந்தால் யாரும் அழுவதில்லை, யாரும் மயக்கம் போட்டு விழுவதில்லை, வரிசை நகரும். ஏன் நகர்கிறது என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள்தான், ஆனால் தமக்குத் தெரியாத பாஷையில் தம் பெயரால் என்ன சொல்லப்படுகிறது என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை.

ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் மனிதர் இப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. அவர் கத்தோலிக்கர். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவர். அந்தக் கோவிலைச் சேர்ந்த ஓர் ஆள் வேலையிடத்தில் விழுந்து அடிபட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மனைவி தீவின் வடக்கு ஓரத்து மார்சிலிங்கில், புதிதாகக் கிடைத்த அடுக்குமாடி புளோக் வீட்டில் இருந்தாள். வீட்டில் போன் கிடையாது. ஃபாதர் அண்ணனை அனுப்பினார், உன்னைவிடப் பக்குவமாகச் சொல்ல ஆள் யார் என்று. அண்ணன் பஸ் பிடித்துப் போனார். அந்தப் பெண் கொடுத்த கோப்பியைக் குடித்தார். குடித்துவிட்டு, “அவருக்கு நல்ல சட்டை ஒண்ணு வேணுமாம்மா, எடுத்துக்கிட்டு வாங்க” என்றார்.

வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்து, அயர்ன் பண்ணி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மார்சிலிங்கிலிருந்து நகரத்துக்கு அந்த நாளில் எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வழியெல்லாம், அவருக்குக் கோழி சூப் வைத்துக் கொடுக்க வேண்டும், கொஞ்ச நாள் வேலைக்கு அனுப்பக் கூடாது என்று பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம்மா, ஆமாம்மா என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

இதை எனக்குச் சொன்னது அந்தப் பெண்தான், எங்கள் கண் பிரிவுக்குக் கண்ணாடி மாற்ற வந்தபோது. “பஸ்ஸுல நான் சிரிச்சுக்கிட்டே வந்தேன் மிஸ்ஸி. அதை நினைச்சா இன்னைக்கும் ஒடம்பு கூசுது” என்றாள். அவர்மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

பேன்ட்ரியில் கோப்பி கலக்கும்போதெல்லாம் எனக்கும் அவருக்கும் சண்டைதான். நான் வாய் நீளம், அன்றும் இன்றும்.

“நீங்க டாக்டரு சொன்னதைச் சொல்ல வேண்டியதுதானே? கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.”

“சொல்லலாம் லா. இவங்க வீட்டுக்குப் போயித் தூங்கணும்ல?”

“தூங்கி எழுந்த பிறகு?”

“எழுந்த பிறகு பாத்துக்கலாம். சரி, அடுத்த ஆளுக்கு நீ சொல்லு. நான் குறுக்க வரல.”

சொன்னேன். அடுத்து வந்தவர் மலேசியாவில் கிளாங் சாலைப் பக்கம் தோட்ட வேலை செய்து பிறகு இங்கே வந்து குடியேறிய ஒருவர். டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். மனிதர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுக் கதறினார். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் என்னை முறைத்துவிட்டு, அங்கிள் எங்கே என்று கேட்டார். அண்ணன் வந்து குந்தினார். ஐந்து நிமிடத்தில் அந்த ஆள் மூக்கைச் சிந்திவிட்டு, சிரித்துக்கொண்டு போனார். அண்ணன் என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை, அதற்காகவே எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

சரோஜா அக்கா வந்தது எழுபதுகளின் கடைசியில். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு மசாலா மில்லில் மிளகாய்த் தூள் பொட்டலம் போடுகிற வேலை. கணவர் பிரிட்டிஷ் கடற்படையின் நேவல் பேஸில் வேலை செய்தவர். வெள்ளைக்காரர்கள் போனதும் ஊருக்குப் போனார், திரும்பி வரவில்லை. ஒரே மகள் வள்ளி, அப்போது பத்து வயது, பிறவியிலேயே காது கேளாது. காது கேளாதோர் பள்ளியில் ஏதோ கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அம்மாவும் மகளும் பேசிக்கொண்ட பாஷை அவர்களே வீட்டில் உண்டாக்கிக்கொண்டது. மழைக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று, மில் முதலாளிக்கு மீசை முறுக்குகிற மாதிரி ஒன்று. அந்தப் பாஷை தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். சரோஜா அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண்ணால் பார்த்தால்தான் மகள் பேசுவது அவளுக்குப் புரியும்.

இடது கண்ணில் சிவப்பாகப் புகை மாதிரி தெரிகிறது, கறுப்பு நூல் நூலாக மிதக்கிறது என்று வந்தாள். மிளகாய்த் தூள் பட்டிருக்கும் என்று நினைத்து ஒரு வாரம் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறாள். பல வருடமாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்திருக்கிறது. காலில் புண் ஆறாததைப் பார்த்து யாரோ சொல்லித்தான் அதுவே தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு டாக்டருக்குப் பக்கத்தில் நானும் நின்றிருந்தேன். அவர் சொன்னது இது. இரண்டு கண்ணிலும் பின்பக்கத்தில் வளரக் கூடாத ரத்தக் குழாய்கள் வளர்ந்திருக்கின்றன. இடதில் ஒன்று உடைந்து ரத்தம் நிறைந்திருக்கிறது, அது தெளியும்வரை அங்கே எதுவும் செய்ய முடியாது. வலதில் இப்போதே லேசர் வெளிச்சத்தால் சுட வேண்டும், பல தடவை வர வேண்டும். சுட்டால் பார்வை கூடாது. கொஞ்சம் குறையும், முக்கியமாக இருட்டில். ஆனால் சுடாமல் விட்டால் இரண்டு கண்ணும் போய்விடும்.

அண்ணன் குந்தி, மணிக்கட்டைப் பிடித்தார்.

“கண்ணுக்குள்ள நரம்பு லேசா வீங்கியிருக்காம்மா. லைட்டு வச்சுச் சரி பண்ணிடுவாங்க. போகப் போக நல்லாத் தெளிஞ்சிடும்.”

வள்ளி அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் தோளைத் தட்டி, முன்னால் வந்து, கையால் வேகமாக என்னவோ சொன்னாள்.

சரோஜா அக்கா சிரித்தாள். “டாக்டரு ஏதோ கெட்டது சொல்றாருன்னு இவ சொல்றா.”

“டாக்டரு மூஞ்சியே அப்படித்தாம்மா. பொறந்ததுலேருந்து சிரிச்சதில்ல” என்றார் அண்ணன்.

நான் சும்மா இருக்கவில்லை. தாழ்வாரத்தில் சரோஜா அக்காவை நிறுத்தி, டாக்டர் சொன்னதை உள்ளபடி சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. திரும்பி அண்ணனைத் தேடினாள். அவர் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், சங்கதியைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

“மிஸ்ஸி சின்னப் பொண்ணும்மா. புஸ்தகத்துல படிச்சதெல்லாம் பயந்து பயந்து சொல்லும். நான் இந்த இடத்துல எத்தனை வருஷமா இருக்கேன்? நீங்க பாட்டுக்கு வாங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்.”

நான் வெள்ளைத் தொப்பி வைத்த சின்னப் பெண். அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பேசுகிற அண்ணன். சரோஜா அக்கா யாரை நம்புவாள்? ஆத்திரத்தில் நான் அன்று மதியம் சாப்பிடவில்லை.

அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. இளைஞர்தான், கேட்டால் விளக்கிச் சொல்வார். ஒரு நாள் காகிதத்தில் கண்ணை வட்டமாக வரைந்து எனக்குக் காட்டினார். கண்ணின் பின்படலம் ரத்தம் போதாமல் பட்டினி கிடக்கிறது, கிடந்து கூப்பாடு போடுகிறது, அதைக் கேட்டுத்தான் இந்தக் குழாய்கள் கிளம்பி வருகின்றன, ஆனால் வருவதெல்லாம் பலமில்லாத குழாய்கள், தொட்டால் உடைகிறவை என்றார். கூப்பாடு போடுகிற பகுதியைச் சுட்டு அடக்குவதைத் தவிர இப்போதைக்கு வழியில்லை. ஒரு நாள் அது எதைக் கொண்டு கூப்பிடுகிறது என்று கண்டுபிடித்து, கத்தியும் சூடும் இல்லாமல் அதை நிறுத்துவார்கள் என்றார். நான் நம்பவில்லை. இப்போது கண்ணுக்குள் ஊசி போட்டே நிறுத்துகிறார்கள். அதுகூட வேண்டாம், சொட்டு மருந்தாக விட்டே, அந்தக் குழாய்களை வளரச் சொல்கிற மரபணுவை அடக்கிவிட முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது என்று என் மருமகள் படித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சரோஜா அக்கா ஞாபகம்தான் வந்தது. நல்லது எல்லாம் வருகிறது, அவரவருக்கு வேண்டிய நேரத்தில் வருவதில்லை.

முதல் தடவை லேசர் வைத்தபோது நான் கூட இருந்தேன். இருட்டறையில் தாடையைக் கருவியில் வைத்து, கண்ணில் ஒரு கண்ணாடியை ஒட்டவைத்து, பச்சை வெளிச்சத்தை வெட்டு வெட்டாக விடுவார்கள். தலைக்குள் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். சரோஜா அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்லாத் தெரியப் போகிறது என்று நம்பினால் மனிதர்கள் எதையும் பொறுத்துக்கொள்வார்கள்.

அடுத்த தடவை வந்தபோது முகம் சரியில்லை. என்னிடம் சொல்லவில்லை, அண்ணனிடம்தான் சொன்னாள்.

“லைட்டு வச்ச கண்ணு மங்குதுண்ணே. பகல்ல பரவாயில்ல. பொழுது சாஞ்சா வீட்டுக்குள்ள அவ கையே தெரிய மாட்டேங்குது. ராத்திரியானா என் புள்ள ஊமையாயிடுறாண்ணே.”

டாக்டர் முன்கூட்டியே சொன்னதுதான். இது வரும், பொறுத்துக்கொள், வீட்டில் பெரிய பல்பு போடு, லேசரை மட்டும் நிறுத்தாதே என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். அண்ணன் சொன்னது, “லைட்டோட சூடு இறங்கணும்மா. கொஞ்ச நாள்ல தெளிஞ்சிடும்.”

தெளிந்தது, ஆனால் அந்தக் கண் இல்லை. சரோஜா அக்கா மில்லுக்குப் பக்கத்து வீட்டம்மா சொல்லி, சௌத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலில் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினாள். அதற்குப் பிறகு சில வாரங்களில் இடது கண்ணில் இருந்த புகை மெல்ல விலகியது. நூல்கள் போயின. வள்ளியின் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அம்மனைக் குறை சொல்ல நான் ஆளில்லை, நானும் அங்கே போய் நிற்கிறவள்தான். ஆனால் கண்ணுக்குள் கசிந்த ரத்தம் சில சமயம் தானாகக் கரைந்துபோகும், குழாய்கள் அங்கேயே இருக்கும், வளர்ந்துகொண்டே இருக்கும். இது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் பார்த்தது இவ்வளவுதான். டாக்டர் தொட்ட கண் மங்கிவிட்டது. டாக்டர் தொடாத கண் தெளிந்துவிட்டது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

அவள் வருவதை நிறுத்தினாள். அந்தச் சமயத்தில் என்னை ஆபரேஷன் அறைக்கு மாற்றியிருந்தார்கள். தேக்காவில் ஒருமுறை அண்ணனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள், லைட்டு வேண்டாம்ணே, எனக்குச் சரியாயிடுச்சு என்று. அவர் முகத்தில் அன்றைக்கு என்ன இருந்ததோ தெரியாது. சந்தோஷம்மா என்று சொன்னதாக அவரே பிறகு என்னிடம் சொன்னார். தலையைத் தூக்காமல் சொன்னார்.

ஒரு வருடத்துக்கும் மேலே கழித்து அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவள் வள்ளி. இடது கண்ணில் மறுபடி ரத்தக் குழாய் உடைந்து, திரை விழுந்த மாதிரி பாதி மறைந்திருந்தது. குழாய்கள் சுருங்கிப் படலத்தையே பிய்த்து இழுத்துவிட்டன. வலது கண்ணுக்கு ஒன்றிரண்டு தடவை வைத்த லேசர் போதவில்லை. என்னென்னவோ செய்து பார்த்தார்கள். எண்பதுகள் பிறந்து கொஞ்ச நாளில் சரோஜா அக்காவுக்கு இரண்டு கண்ணும் இல்லை. ஒழுங்காக வந்து வைத்திருந்தாலும் போயிருக்கலாம், அந்த நாளில் அப்படிப் போனவர்கள் உண்டு. ஆனால் அவளுக்கு இருந்த ஒரு வழி அதுதான்.

டாக்டர் கடைசியாகப் பார்த்த அன்று “அங்கிள்” என்று கூப்பிட்டார். அண்ணனைக் காணவில்லை. ஆஸ்பத்திரி முழுக்கத் தேடினோம். நான்தான் சொன்னேன், இனிப் பார்வை வராதக்கா என்று. அவள் கேட்டது ஒன்றுதான்: “அப்போ என் புள்ள பேசறதை எனக்கு யாரு சொல்லுவா?”

அதுதான் விஷயம். இவள் கையால் பேசினால் மகள் பார்த்துக்கொள்வாள். மகள் திருப்பிப் பேசினால் இவளுக்குத் தெரியாது. கையைத் தொட்டு, தட்டி, பசி, வலி, வந்துட்டேன் என்று நாலைந்து சங்கதி சொல்லலாம். அதற்கு மேல் ஒன்றும் முடியாது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். ஒரு ரூம் வீடு. முதலில் வள்ளி அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாளாம். அவர் பாட்டுக்கு மீனோ கோழியோ வாங்கிக்கொண்டு போய்க் கழுவிக் கொடுத்துவிட்டு ஒரு மூலையில் குந்தியிருப்பாராம். மாதக் கணக்கில் அப்படிப் போய், அந்தப் பெண்ணின் பாஷையைக் கற்றுக்கொண்டார். மூன்றாவது ஆளாக. ஓய்வு பெற்ற பிறகு நடுவாரத்திலும் போனார். வள்ளி சொல்வதைப் பார்த்து அம்மாவுக்குச் சொல்வார். வள்ளி அவருக்கு வைத்த பெயர், இரண்டு விரலால் வாயின் இரண்டு ஓரத்தையும் இழுத்துவிட்டுக்கொள்வது. சிரிக்கிறவர் என்று அர்த்தம் என்று அவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை.

அங்கேயும் மனிதர் மாறவில்லை என்பதை நானே பார்த்தேன். வள்ளி பள்ளியிலிருந்து வந்து பையைத் தூக்கி எறிந்துவிட்டு, முகம் சிவக்கக் கையை வீசி வீசி எதையோ சொல்வாள். அண்ணன், “இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல நல்லாப் போச்சாம்மா” என்பார். சரோஜா அக்கா சிரிப்பாள். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த மாதிரி நேரங்களில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருக்கும்.

ஒரு தீபாவளிக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அண்ணனும் வந்திருந்தார். வள்ளிக்கு அப்போது பதினாறு இருக்கும், அம்மாவைவிட உயரம். எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுப் பாவாடை தாவணி கட்டியிருந்தாள். சரோஜா அக்கா புதுச் சேலையில் நாற்காலியில் உட்கார்ந்து, வாயாலும் கையாலும் சேர்த்து மகளுக்குச் சொன்னாள்.

“அண்ணன் கால்ல விழுந்து கும்பிட்டுக்க. மிஸ்ஸி கால்லயும் விழு. இவங்க இல்லேன்னா நமக்கு யாரு இருக்கா?”

வள்ளி அசையவில்லை.

“விழுந்தாளாண்ணே?”

“விழுந்துட்டாம்மா, விழுந்துட்டா. நல்லா இரு தாயி” என்று சொல்லி அண்ணன் கையைத் தூக்கிக் காற்றில் ஆசீர்வாதம் பண்ணினார்.

வள்ளி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு பேச ஆரம்பித்தாள். எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. ஆனால் இதற்குப் பாஷை தேவைப்படவில்லை. முகத்தை இறுக்கி, கழுத்தில் டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பைத் தொங்கவிடுகிற மாதிரி காட்டினாள். இரண்டு விரலால் வாயோரத்தை இழுத்துவிட்டாள். அம்மாவின் கண்ணைக் காட்டினாள், உள்ளங்கையால் தன் கண்ணைப் பொத்தினாள். அவர் நெஞ்சில் விரலால் குத்தினாள். கடைசியாக அவர் வாயையும் அம்மாவின் காதையும் மாறி மாறிச் சுட்டினாள். சொல்.

அண்ணன் என்னைப் பார்த்தார்.

“சொல்லுங்கண்ணே” என்றேன்.

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினார். சரோஜா அக்காவின் மணிக்கட்டைப் பிடிக்கப் போனவர், பிடிக்காமல் கையை மடக்கிக்கொண்டார்.

“என்னாலதான் உங்களுக்குக் கண்ணு போச்சுன்னு சொல்றாம்மா.”

சரோஜா அக்கா சிரித்தாள். “சும்மா இருங்கண்ணே, நல்ல நாளும் அதுவுமா. என் புள்ள அப்படியெல்லாம் சொல்லுவாளா? சரியாச் சொல்லுங்க.”

“சரியாத்தாம்மா சொல்றேன்.”

சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு போய்விட்டது. வெளியே காரிடாரில் பிள்ளைகள் கம்பி மத்தாப்பு வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

“டாக்டரு அன்னைக்குச் சொன்னது வேறம்மா. லைட்டு வச்சா பார்வை கூடாதுன்னாரு. கொஞ்சம் மங்கும்னாரு, இருட்டுல தெரியாதுன்னாரு. ஆனா வைக்காம விட்டா ரெண்டு கண்ணும் போயிடும், விடாம வரச் சொல்லுன்னாரு. தெளிஞ்சிடும்னு சொன்னது நானு. அவரு சொல்லல.”

“போயிடும்னு அன்னைக்கே சொன்னாரா?”

“சொன்னாரும்மா.”

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கையை நீட்டித் துழாவினாள். வள்ளி வந்து முன்னால் மண்டியிட்டாள். மகளின் நெற்றி, புருவம், மூக்கு, தாடை என்று விரலால் தடவிக்கொண்டே போனாள்.

“எனக்குள்ள இருக்கிறது பன்னெண்டு வயசு மூஞ்சிண்ணே. அதுலயும் பாதி மறந்துபோச்சு. இவ மூக்கு எப்படியிருக்கும்னு சமயத்துல ஞாபகம் வர மாட்டேங்குது. போயிடும்னு தெரிஞ்சிருந்தா, இருந்த நாள்ல இவளை நல்லாப் பாத்து வச்சிருப்பேனே.”

வள்ளி அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அம்மா வாயால் மட்டும் சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவர் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றும் குறைக்காமல் அவளுக்குச் சொன்னார்.